பாதி மூக்கில் நின்ற பொறாமை

அத்தியாயம் 5

"இந்தத் தம்பிக்கு மூளை இருக்கு" என்றார் அண்ணி.

என்னைச் சொல்லவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தலை, அதற்குள் இருக்க வேண்டியது, எல்லாவற்றோடும்தான் நின்றிருந்தேன். ஆனால் அண்ணியின் விரல் மின்னலைக் காட்டியது. நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை வாங்கிய ஆகப்பெரிய பாராட்டு, "இன்னைக்குப் பட்டனை ஒழுங்காப் போட்டிருக்க" என்பதுதான்.

என் அண்ணன் அவரைக் கல்யாணம் செய்துகொண்டான். நான் அவரிடம் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். இருவரில் யார் அதிகம் திட்டு வாங்குகிறோம் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. அண்ணி எங்கே துப்பறியப் போனாலும் பின்னாலேயே போவதால் எனக்கு 'வாலு' என்று பேர். வாலுக்கு மூளை எதற்கு என்று அண்ணி நினைத்திருக்கலாம்.

மின்னல் என்பதும் பட்டப்பேர்தான். இந்த எடிட்டிங் ஸ்டூடியோவின் டிஸ்க் அறையைப் பார்த்துக்கொள்கிற பையன். பையன் என்றேனே தவிர என் வயதுதான் இருக்கும். வயிறு மட்டும் என் வயிறு இல்லை. வந்த புதிதிலேயே இங்கிருந்த மிஷின்களை மின்னல் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டானாம், அதனால் அந்தப் பேர்.

"முன்னாடி சேவ் பண்ணா அப்பப்ப அப்படியே நின்னுடும் மேடம்" என்று அவன் அண்ணிக்கு மட்டும் விளக்கிக்கொண்டிருந்தான். "ஸ்கிரீன்ல 'பொறுங்க'ன்னு வரும். எனக்கு முன்னாடி இருந்தவர் வெச்ச ஏற்பாடு. அதனால அவருக்கே பொறுங்கன்னு பேர் வெச்சுட்டாங்க. நான் வந்து அதைத் தூக்கிட்டேன். இப்ப எதுவும் நிக்காது."

"கெட்டிக்காரர்."

வயிற்றில் ஏதோ எரிந்தது. காலையில் சாப்பிடவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

டிஸ்க் அறை குளிர்ந்து கிடந்தது. அலமாரி முழுக்க டிஸ்க்குகள். நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. எடிட்டர்கள் எதைச் சேவ் செய்தாலும் அந்தப் பெட்டி வாங்கி டிஸ்க்கிடம் கொடுக்கும். பெட்டியிலிருந்து டிஸ்க்குகளுக்கு இரண்டு கேபிள்கள். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று. எரிகிற வயிற்றுக்கு ஆதரவாக நான் அலமாரியில் சாய்ந்தேன்.

"சார், அந்தக் கேபிள்ல சாயாதீங்க" என்றான் மின்னல். "கொஞ்சம் லூசு."

"எங்க வீட்டுல என்னையும் அப்படித்தான் சொல்வாங்க" என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. மின்னல் சிரித்தான். அதுவும் பிடிக்கவில்லை.

"ரிப்பேர் ஓட்டட்டுமா மேடம்? டிஸ்க்கோட அட்டவணையும் குழம்பியிருக்கு. எந்தக் காட்சி எங்க இருக்குன்னு அதுக்கே தெரியல. ஓட்டினா சரியாயிடும்."

"வேண்டாம். கொலை நடந்த வீட்டை யாராவது பெருக்கித் துடைப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு அண்ணி வெளியே நடந்தார். வால் தொடர்ந்தது.

நடந்தது கொலை இல்லை. ஆனால் ஒருத்தியின் பிழைப்பு இன்று மத்தியானம் போகவிருந்தது.

ஸ்டூடியோவில் இரண்டு எடிட்டர்கள், அக்காவும் தங்கையும். எல்லோருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள். ஒரு படத்தின் கடைசிக் காட்சியை இரண்டு பேரும் தனித்தனியாக வெட்டித் தொகுத்தார்கள். முதலாளி பெரியவளின் வெட்டைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு: யார் வெட்டினாலும் ஒரு காட்சிக்கு டிஸ்க்கில் ஒரே இடம்தான். பழையதன் மேலேயே புதியதை எழுதுவார்கள். பெரியவள் நேற்று மாலை தன் வெட்டை அந்த இடத்தில் சேவ் செய்து, திரையில் முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்தவள் சின்னவள். அப்புறம் பார்த்தால் காட்சி நாசம்.

*

எவ்வளவு நாசம் என்பதை முதலாளி எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பெரியவள் பக்கத்தில் கைகட்டி நின்றாள். காதோரம் பென்சில் செருகியிருந்தாள். முகத்தில் தூக்கம் இல்லை.

காட்சியில் கதாநாயகி கதவருகே நிற்கிறாள். யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்புகிறாள். பாதிவரை நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று படம் குறுக்கே கிழிந்தது. அண்ணி கையைத் தூக்க, முதலாளி நிறுத்தினார்.

திரையில் அவள் முகம் மூக்கின் நடுவில் இரண்டாகியிருந்தது. மேல்பாதிக் கண்களில் கோபம். கீழ்ப்பாதி உதடுகளில் சிரிப்பு.

"என்னடா தெரியுது?" என்றார் அண்ணி.

"மேல கோபம், கீழ சிரிப்பு. நீங்க ஊருக்குப் போறேன்னு சொன்னா அண்ணன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

"வேற?"

உற்றுப் பார்த்தேன். கீழ் மூலையில், கதவோரம், ஒரு பேப்பர் கப். படப்பிடிப்பில் யாரோ குடித்துவிட்டு எடுக்க மறந்தது.

"கப்பு."

"ம்" என்றார் அண்ணி. அவர் அகராதியில் அது பாராட்டுக்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீடுதான், உள்ளே விடவில்லை.

"மேல்பாதி இவங்க வெட்டு, கீழ்ப்பாதி சின்னவ வெட்டு" என்றார் முதலாளி. "இதுக்கு மேல என்ன துப்பறியணும் மேடம்? அக்காவோடது ஜெயிச்சுடுச்சு. பொறாமை. காலையில வந்து தன்னோடதைத் தூக்கி இது மேல போட்டிருக்கா."

"அசல் போயிடுச்சா?"

"இல்ல, இவங்க ரூம்ல எல்லாம் இருக்கு. மறுபடியும் ஏத்திடலாம். படம் போகல. ஆனா பாம்பை மடியில வெச்சுக்கிட்டு நான் எப்படித் தொழில் பண்றது? சாப்பாட்டுக்கு அப்புறம் தயாரிப்பாளர் வர்றார். அதுக்குள்ள அவ கார்டு வெட்டுப்படணும். மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு."

கார்டு வெட்டுவது இந்த ஸ்டூடியோவின் இன்னொரு வழக்கம். துரோகம் செய்தவரை அனுப்பும்போது கேட் வாட்ச்மேன் அவருடைய அடையாள அட்டையை அவர் கண்ணெதிரே கத்தரியால் இரண்டாக வெட்டுவார். ஒருமுறை வெட்டுப்பட்டால் இந்தத் தொழிலில் வேறு எவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அண்ணி பெரியவளைக் கேட்டார்.

"நான் என்ன சொல்ல?" என்றாள் பெரியவள். கண் திரையிலேயே இருந்தது, அந்தக் கீழ்ப்பாதியில். "படமே சொல்லுதே."

*

சின்னவள் வாசல் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பைக்குள் ஒரு ஹெட்போன், ஒரு தண்ணீர் பாட்டில், சின்னத் தொட்டியில் ஒரு செடி. மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"உன் அக்கா மேல உனக்குப் பொறாமை இருக்கா?"

"இருக்கு."

நான் இருமினேன். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் சட்டப்படி 'இல்லை' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

"சின்ன வயசுல இருந்தே இருக்கு மேடம்" என்றாள் சின்னவள். "அவளை யாராவது பாராட்டினா எனக்கு வயிறு எரியும். ஆனா எரியுதுன்னு போய் அவளோடதை அழிக்க மாட்டேன். உக்காந்து என்னோடதை இன்னும் நல்லா வெட்டுவேன். இத்தனை வருஷமா எனக்கு வேலை கத்துக்கொடுத்ததே அந்த எரிச்சல்தான்."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எரியும் வயிறுகளுக்குள் ஒரு சொந்தம் உண்டு.

"காலையில எதுக்கு முதல் ஆளா வந்த?"

"அக்கா வெட்டினதை யாரும் இல்லாதப்ப பார்க்கணும்னு. அவ முன்னாடி உக்காந்து பார்த்தா என் மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்."

"அந்த பேப்பர் கப்?"

சின்னவள் நிமிர்ந்தாள். "அதை எப்படிப் பார்த்தீங்க? நேத்து என்னோடதைச் சேவ் பண்ணும்போதுதான் கவனிச்சேன், ஓரத்துல கப்பு நிக்குது. சேவும் பாதியில சிக்கி நின்னுடுச்சு. சரின்னு கேன்சல் பண்ணேன். 'ரத்து செய்யப்பட்டது'ன்னு வந்துச்சு. கப்பு தெரியாம புதுசா வெட்டி என் ரூம்லயே வெச்சேன். அதுக்குள்ள சார் அக்காவோடதுதான்னு சொல்லிட்டார். அப்புறம் நான் எதையும் சேவ் பண்ணவே இல்ல."

"சிக்கினப்ப 'பொறுங்க'ன்னு வரலையா?"

"முன்னாடி வரும். இப்ப வர்றதில்ல. உடனே ரத்துன்னு வந்துடும்."

அண்ணி எழுந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம், ஆனால் முழுதாக எரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அவருக்கு நடக்க வேண்டும், எனக்குக் குடிக்க வேண்டும். கேன்டீன் இரண்டுக்கும் பொதுவான திசையில் இருந்தது.

"அண்ணி, என் கணக்குப்படி அந்த மின்னல்தான்" என்றேன், போகிற வழியில்.

"ஏன்?"

"மூளை இருக்கிறவங்களைத்தான் முதல்ல சந்தேகப்படணும்."

"அப்ப உன்னை யாரும் எதுலயும் மாட்டிவிட முடியாது" என்றார் அண்ணி.

*

கேன்டீனில் ஒரு டீ கேட்டேன். காபி, கல்லாவுக்குப் பக்கத்து மிஷினிலேயே வரும். டீ மட்டும் பின்னால் அடுப்படியிலிருந்து வர வேண்டும்.

வரவில்லை. அண்ணி மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் வரவில்லை.

"அண்ணே, டீ வேணாம், காபியே கொடுங்க" என்றேன்.

"டீ கேன்சல்" என்று கல்லாக்காரர் அடுப்படி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அதே கையோடு காபியைப் பிடித்து என் முன்னால் வைத்தார். நல்ல நுரை. நான் நுரையை ஊதி ரசித்துக்கொண்டிருந்தேன். ரசனை உள்ளவனுக்கு எதுவும் உடனே கிடைக்காது. அதற்குள் பின்பக்கக் கதவு வழியாக அடுப்படியம்மா வந்தார். என் காபியை எடுத்து டிரேயில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் டீயை வைத்தார். போய்விட்டார்.

"அம்மா, என் காபி" என்றேன்.

"டீதானே கேட்டீங்க?"

"அதான் கேன்சல்னு சொன்னேனே" என்றார் கல்லாக்காரர்.

"எனக்கு எங்க கேட்டுச்சு? அடுப்பு போடற சத்தத்துல எங்கம்மா கூப்பிட்டாலே கேக்காது."

"இருந்தாலும் காபியை எதுக்கு எடுத்தீங்க?" என்றேன்.

"யாரோ குடிச்சிட்டு வெச்ச டம்ளர்னு நினைச்சேன். ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர்தானே?"

நான் நியாயம் கேட்க அண்ணி பக்கம் திரும்பினேன். அவர் விரல்தாளம் நின்றிருந்தது.

"அண்ணே" என்று கல்லாக்காரரிடம் கேட்டார். "நீங்க கேன்சல்னு சொன்னதுக்கு இவங்க 'சரி'ன்னு பதில் சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதை நம்பிக் காபியை வெச்சீங்க?"

கல்லாக்காரர் யோசித்தார். "சொல்லியாச்சு இல்ல?" என்றார்.

"வாலு, எந்திரி."

"டீ?"

"அதான் உனக்கு வேணாமே" என்று சொல்லி, அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு அண்ணி நடந்தார்.

*

டிஸ்க் அறையில் ஐந்து பேர் நிற்பது கஷ்டம். முதலாளி, பெரியவள், மின்னல், அண்ணி, அப்புறம் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு நான்.

"தம்பி, ஒண்ணுக்கும் உதவாத டிஸ்க் ஒண்ணை இந்தப் பெட்டியில மாட்டுங்க" என்றார் அண்ணி. "ரெண்டு போட்டோ வேணும். ஒரே சைஸ்."

கைக்கு அகப்பட்டவை என் போட்டோவும் மின்னலின் போட்டோவும்தான். அலுவலக நுழைவுச் சீட்டுக்காகக் காலையில் என்னைப் பிடித்த படம். என் படத்தில் நான் தேடப்படும் குற்றவாளி போலவும், அவன் படத்தில் மின்னல் சோப்பு விளம்பரம் போலவும் இருந்தோம்.

"இப்ப வாலு போட்டோவைச் சேவ் பண்ணுங்க. வாலு, நீ காலையில மாதிரி அந்த லூசுக் கேபிள்ல சாய்."

சாய்ந்தேன். இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது.

சேவ் பாதியில் சிக்கியது.

"கேன்சல் பண்ணுங்க."

மின்னல் தட்டினான். 'ரத்து செய்யப்பட்டது' என்று திரை உடனே சொன்னது.

"இப்ப அதே இடத்துல உங்க போட்டோ."

தட்டினான். கண் சிமிட்டுவதற்குள் சேவ் ஆனது. மின்னலின் முகம் திரையில் முழுதாக, பளபளவென்று வந்தது.

"பார்த்தீங்களா, எவ்வளவு வேகம்" என்றான்.

"பார்த்தேன். வாலு, நகரு."

நகர்ந்தேன். எல்லோரும் திரையைப் பார்த்தோம். மின்னல் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், திரையிலும் வெளியிலும். ஒன்றும் நடக்கவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "மேடம், தயாரிப்பாளர் கிளம்பிட்டாராம்."

"கொஞ்சம் பொறுங்க."

அந்தச் சொல்லுக்கு மின்னலின் சிரிப்பு ஒரு சுற்றுக் குறைந்தது. பெட்டியில் ஒரு சின்ன விளக்கு மஞ்சளாகத் துடித்தது. துடித்துத் துடித்து ஒரு தடவை பச்சையானது.

"படத்தைத் திரும்பத் திறங்க" என்றார் அண்ணி.

மின்னல் திறந்தான்.

நெற்றி, புருவம், கண் எல்லாம் மின்னலுடையவை. மூக்கின் நடுவில் ஒரு கோடு. அதற்குக் கீழே என் மீசை, என் இரட்டைத் தாடை. இரண்டு பேரில் எவனைப் பெற்ற தாயும் அந்த முகத்துக்குச் சோறு போட மாட்டாள்.

"ரத்துன்னு சொல்லப்பட்ட ஆள், அதாவது பழைய சேவ், சாகல" என்றார் அண்ணி மெதுவாக. "லூசுக் கேபிள்ல வழி கிடைக்காம இந்தப் பெட்டிக்குள்ள காத்திட்டிருந்தான். நல்ல கேபிள் வழியா புது ஆள் போய் உக்காந்துட்டான். அப்புறம் வழி கிடைச்சதும் பழையவன் வந்து, உக்காந்திருந்தவனைத் தள்ளிட்டான். பெட்டி கையில எவ்வளவு மிச்சம் இருந்துச்சோ அவ்வளவுதான் வந்துச்சு. அதான் பாதி. நேத்தும் இதேதான். பெரியவங்க பார்த்துட்டு வீட்டுக்குப் போனாங்க, அதுக்கப்புறம் இது வந்து இறங்கியிருக்கு. டிஸ்க்கோட அட்டவணையில பழைய பக்கம் ஒண்ணும் கூடவே வந்து விழுந்து அதையும் குழப்பிடுச்சு."

"ஏன், சின்னவளே காலையில வந்து போட்டிருக்கக் கூடாதா?" என்றார் முதலாளி.

"ரெண்டு விஷயம் சார். மனுஷங்க வன்மம் பாதி மூக்குல நிக்காது. காட்சி ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் மாத்தும். அளவு பார்த்து மூக்குல நிறுத்துறது மிஷின்தான். இன்னொண்ணு, அந்த கப்பு. சின்னவகிட்ட கப்பு இல்லாத வெட்டு தயாரா இருக்கு. பொறாமையில கல்யாண வீட்டுக்குப் போறவ இருக்கிறதிலேயே நல்ல துணியைத்தான் உடுத்திட்டுப் போவா. கிழிஞ்சதை எடுத்துக் கட்டுவாளா?"

முதலாளி திரையைப் பார்த்தார். பிறகு மின்னலைப் பார்த்தார். எல்லோரும் மின்னலைப் பார்த்தோம்.

"பொறுங்க வெச்சிருந்த ஏற்பாடு என்ன தம்பி?" என்றார் அண்ணி.

மின்னல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கேன்சல்னு சொன்னதும் அவர் விட மாட்டார் மேடம். 'விட்டுட்டேன்'னு டிஸ்க் பதில் சொல்ற வரைக்கும் அந்த இடத்துல யாரையும் எழுத விட மாட்டார். பதிலே வரலேன்னா ரெண்டு வழியையும் மூடி, பெட்டியையே அணைச்சு, உள்ள இருக்கிறதை எல்லாம் கொட்டிட்டு, மறுபடியும் போட்டு அப்புறம்தான் விடுவார். அதுவரைக்கும் 'பொறுங்க'ன்னு நிக்கும்."

"அதை ஏன் எடுத்தீங்க?"

"எதுக்கெடுத்தாலும் 'பொறுங்க இருந்தப்ப இப்படி ஆகாது', 'பொறுங்க இருந்தப்ப அப்படி ஆகாது'. நான் வந்து ஒரு நாள் கூட என் பேரை யாரும் சொல்லல. ஒரு விஷயத்துலயாவது அவரைவிட நான் மேலன்னு காட்டணும்னு..." அவன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வேகத்துல காட்டினேன்."

காலையிலிருந்து இவன்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவன் நான். வேண்டுதல் பலித்துவிட்டது. மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். டீயைப் போல அதுவும் வரவில்லை. அவன் தோளில் கையைப் போட்டேன். திரையில் எங்கள் இருவருக்கும் சேர்ந்து ஒரு முகம் இருந்தது, தோளும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்.

"இதுல ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றார் அண்ணி. அவர் பார்வை இப்போது பெரியவள் மேல் இருந்தது. "பாதி மூக்குல எந்த எடிட்டரும் வெட்ட மாட்டாங்கன்னு கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் ஆச்சு. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

பெரியவள் காதோரப் பென்சிலை எடுத்தாள். திரும்பச் செருகினாள். திரும்ப எடுத்தாள்.

"பார்த்த உடனே தெரிஞ்சுது" என்றாள்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார்.

"அவ செய்யலன்னு தெரிஞ்சுது. ஆனா அவ செஞ்சிருக்கணும்னு ஆசைப்பட்டேன். உங்க எல்லாருக்கும் அவதான் என் மேல பொறாமைப்படறவ. நேத்து சார் என்னோடதைத் தேர்ந்தெடுத்தப்ப நான் அவளோடதைப் பார்த்திருக்கல. இன்னைக்குத்தான் பார்த்தேன், அந்தக் கிழிஞ்ச படத்துல. கீழ்ப்பாதி மட்டும்தான். அந்தச் சிரிப்புல அவ எவ்வளவு நேரம் நிறுத்தியிருக்கான்னு பார்த்தேன். நான் அங்க அவசரப்பட்டு வெட்டிட்டேன். அவ பொறுத்திருக்கா." அவள் குரல் தணிந்தது. "அப்பவே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கல."



"சரி, விடுங்க" என்றார் முதலாளி. போனை எடுத்து, "மேனேஜர், அந்த கார்டு விஷயம் வேண்டாம், கேன்சல்" என்று சொல்லிவிட்டு வைத்தார். "ஆச்சு. நிறுத்தியாச்சு மேடம்."

"யார் சரின்னு சொன்னது?"

"மேனேஜர்."

"கேட்ல கத்தரியோட நிக்கிறது மேனேஜரா?"

"இல்ல, வாட்ச்மேன். மேனேஜர் அவர்கிட்ட சொல்லிடுவார்."

"மேனேஜர் நடுவுல இருக்கிற பெட்டி சார்" என்றார் அண்ணி. "கேட்ல இருந்து பதில் வந்துச்சா?"

முதலாளி மறுபடி போனை எடுப்பதற்குள் பெரியவள் அறையில் இல்லை. ஒற்றைச் செருப்பு மட்டும் வாசற்படியில் கிடந்தது.

*

நானும் ஓடினேன். ஓடினேன் என்பது நான் சொல்வது. பின்னால் நடந்து வந்த அண்ணி என்னைத் தாண்டிப் போனார்.

கேட்டில் சின்னவள் நின்றிருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் செடி. எதிரே வாட்ச்மேன், கடமையில் தவறாதவர், அடையாள அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துக் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தார். அட்டை கனமானது, சுலபத்தில் வெட்டுப்படாது. அவர் இடுப்பிலிருந்த போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்பது அவர் கொள்கை.

பெரியவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கம்மா, மேனேஜர் உத்தரவு."

"அந்த உத்தரவு ரத்து."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"நான் சொல்றேன். கேட்டுச்சா? கேட்டுச்சுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

வாட்ச்மேன் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"கேட்டுச்சு" என்றார். கத்தரியை இறக்கினார்.

அட்டை குறுக்கே பாதிவரை வெட்டுப்பட்டிருந்தது. கத்தரி சின்னவளின் போட்டோவில் மூக்குவரை வந்து நின்றிருந்தது.

பெரியவள் அட்டையை வாங்கினாள். வெட்டுப்பட்ட விளிம்புகளை விரலால் அழுத்தி ஒட்ட வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. மூச்சு வாங்கியது, ஒற்றைக் கால் சுடு தரையில் வெறுமையாக இருந்தது.

"நீ இல்லன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்டி" என்றாள்.

சின்னவள் அவளையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் வெட்டும் காட்சிகளில் நிறுத்துவாளாமே, அப்படி.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"உன் வெட்டு நல்லா இருந்துச்சு. அதான்."

"அதுல கப்பு இருந்துச்சுக்கா."

"கப்போட சேர்த்தே நல்லா இருந்துச்சு."

சின்னவள் செடியை அக்காவின் கையில் கொடுத்தாள். "பிடி, கை வலிக்குது" என்றாள். குனிந்து தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி அவள் வெறுங்காலருகே தள்ளிவிட்டாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. பெரியவள் ஜோடி சேராத செருப்பிலும் சின்னவள் ஒற்றைச் செருப்பிலுமாக, இரண்டு பேரும் உள்ளே நொண்டிக்கொண்டு போனார்கள். தயாரிப்பாளருக்கு எந்த வெட்டைக் காட்டுவது என்று போகும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. இந்த முறை பெரியவள், சின்னவளின் வெட்டுக்காகச் சண்டை போட்டாள்.

மின்னலின் வேலை போகவில்லை. அண்ணிதான் முதலாளியிடம் பேசினார். பழைய ஏற்பாட்டைத் திரும்பப் போட்டு, கேபிளை மாற்றி, பெட்டியை அணைத்துக் காலி செய்த பிறகுதான் ரிப்பேர் ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. திரையில் அவன் பேரில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. 'மின்னல் சொல்கிறேன், பொறுங்க' என்று போட்டுக்கொண்டானாம்.

வண்டியை நான் ஓட்டினேன். பின்சீட்டில் அண்ணி வந்தார்.

"கேஸை உடைச்சது உன் டீதான்டா" என்றார் திடீரென்று. "நீ மட்டும் அந்தக் காபியை உடனே குடிச்சிருந்தேன்னா எனக்குத் தோணியிருக்காது. இன்னைக்கு மூளை உனக்குத்தான்."

எதிர்க்காற்று. லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி கடந்தது.

"கேட்டுச்சா?" என்றார் அண்ணி.

நன்றாகக் கேட்டிருந்தது. ஒரு எழுத்து விடாமல் கேட்டிருந்தது.

"இல்ல அண்ணி" என்றேன். "மறுபடியும் அனுப்புங்க."